ஜெர்மனியில் மொழியியல் எம்.ஏ.: நம்மூர் பி.ஏ.வோடு போகிறவர்களுக்கு

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, லைப்சிக் பல்கலைக்கழகத்தில் மொழியியல் எம்.ஏ. படித்தேன். இப்போதும் லைப்சிக்கில்தான் இருக்கிறேன். ஊரிலிருந்து கேட்கிறவர்கள் பெரும்பாலும் பணம், விசா, ஐ.இ.எல்.டி.எஸ். இந்த மூன்றைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பணம் பற்றி விரிவாகவும், விசா பற்றித் தேவையான இடங்களிலும் கீழே சொல்கிறேன். ஆனால் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பது முடிவாகிற இடம் வேறு. இளங்கலையில் நீங்கள் எழுதிய தாள்களில் மொழியியல் என்று சொல்லத்தக்கது எவ்வளவு இருக்கிறது, அதை எப்படி எடுத்துக் காட்டுகிறீர்கள் என்பதில்தான் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் உங்கள் தாள்களை எண்ணுங்கள்

ஜெர்மனியில் எம்.ஏ. என்பது பெரும்பாலும் பி.ஏ.வின் தொடர்ச்சி. விண்ணப்பத்தைப் படிப்பவர்கள் அந்தத் துறையில் பாடம் நடத்துகிறவர்களே. மொத்த மதிப்பெண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு, தாள் தாளாக இறங்கிவிடுவார்கள். ஒலியியல் (பேச்சொலிகள்) இருக்கிறதா, தொடரியல் (வாக்கிய அமைப்பு) இருக்கிறதா, சொற்பொருளியல் ஏதாவது தொட்டிருக்கிறாரா என்று தேடுவார்கள். சில துறைகள் மொழியியலில் இத்தனை கிரெடிட் கட்டாயம் என்று விதிமுறையிலேயே எழுதியிருக்கும். சில துறைகள் 'மொழியியல் அல்லது அதற்கு நெருங்கிய பாடம்' என்று மட்டும் சொல்லும். இரண்டிலும் அவர்கள் கையில் இருப்பது உங்கள் டிரான்ஸ்கிரிப்ட் ஒன்றுதான்.

நம்மூர் டிரான்ஸ்கிரிப்டில் தாளின் பெயர் மட்டும்தான் இருக்கும். 'இங்கிலீஷ் லாங்வேஜ் அண்ட் லிங்க்விஸ்டிக்ஸ்' என்று ஒரே ஒரு தாள் இருந்தால், அதற்குள் என்ன நடந்தது என்று லைப்சிக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே ஒவ்வொரு தாளுக்கும் ஒரு விளக்கப் பக்கம் தயார் செய்யுங்கள். பல்கலைக்கழகத்தின் சிலபஸை எடுத்து, தாளின் பெயர், கிரெடிட், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அலகு வாரியாக என்ன பாடம், எந்தப் பாடநூல் என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். துறைத் தலைவரிடம் கையெழுத்தும் கல்லூரி முத்திரையும் வாங்குங்கள். இதற்குக் கல்லூரியில் எந்தப் படிவமும் கிடையாது. நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுத்தால் பெரும்பாலான எச்.ஓ.டி.க்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

கிரெடிட் கணக்கையும் நீங்களே போட்டுக் காட்டலாம். மூன்று வருட ஐரோப்பிய இளங்கலை 180 கிரெடிட். நம் பட்டம் மொத்தம் 140 கிரெடிட் என்றால், 4 கிரெடிட் தாள் ஒன்று அங்கே 5 கிரெடிட்டுக்குச் சற்று மேலே வரும். இந்தக் கணக்கை விளக்கப் பக்கத்தின் கீழே ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள். படிப்பவர்களுக்கு வேலை குறையும்.

இந்த இடத்தில் தமிழ் இலக்கியம் படித்தவர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 'நான் பி.ஏ. தமிழ், எனக்கெல்லாம் கிடைக்காது' என்று தயங்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தவிப்பாக இருக்கும். பி.ஏ. ஆங்கிலம் படித்த எங்களைவிட உங்களிடம்தான் மொழியியல் அதிகம். தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்துகள் வாயில் எங்கே எப்படிப் பிறக்கின்றன என்று சொல்கிறது. அது ஒலியியல். நன்னூலின் பதவியல் சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை என்று பிரிக்கிறது. அது உருபனியல், அதாவது சொல்லின் உள்ளமைப்பு. புணரியல் முழுவதும் ஒலியனியல், அதாவது ஒலிகள் சேரும்போது எப்படி மாறுகின்றன என்பது. வேற்றுமை, எச்சம் பற்றிய பகுதிகள் தொடரியலைத் தொடுகின்றன. தாளின் பெயரை 'கிராமர் – 1', 'கிராமர் – 2' என்று மொழிபெயர்த்து விட்டுவிட்டால் இதில் ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது. எந்த இயலில் என்ன படித்தீர்கள் என்பதை இன்றைய மொழியியலின் பெயர்களோடு எழுதினால், அதே தாள் வலுவான தாளாகிவிடும். இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை; உள்ளதைத்தான் சொல்கிறீர்கள்.

மொழியியல் உண்மையிலேயே போதவில்லை என்றால் இரண்டு வழி உண்டு. ஒன்றிய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் மொழியியல் படிப்புகளைத் தேர்வெழுதி முடித்துச் சான்றிதழ் வாங்கலாம். இல்லையென்றால் இந்தியாவிலேயே ஒரு எம்.ஏ. மொழியியல் படித்துவிட்டுப் போகலாம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம், அங்கேயே இருக்கும் இஃப்லு (ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்), டெல்லி ஜே.என்.யு., புனே டெக்கான் கல்லூரி எல்லாவற்றிலும் மொழியியல் துறை உண்டு. இரண்டு எம்.ஏ. எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். இந்தியாவில் அடித்தளம் போட்டுவிட்டு வந்தவர்கள் ஜெர்மனியில் முதல் செமஸ்டரிலேயே தடுமாறாமல் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வருடம் வீண் போகாது.

எந்த ஊர், எந்தத் துறை

பல்கலைக்கழகத் தரவரிசையை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மொழியியல் சின்னத் துறை. ஒவ்வொரு ஊரிலும் அது வேறு வேறு பாடம் போலவே இருக்கும்.

லைப்சிக்கில் இலக்கணக் கோட்பாடுதான் பிரதானம். தொடரியல், உருபனியல், ஒலியனியல் மூன்றும் ஆழமாகப் போகும், எம்.ஏ. ஆங்கிலத்திலேயே நடக்கிறது. கணினி மொழியியல் வேண்டும் என்றால் சார்ப்ரூக்கன், ஷ்டுட்கார்ட், டூபிங்கன். அங்கே பைத்தான் என்ற நிரல்மொழியும் நிகழ்தகவும் தெரியாமல் போனால் சிரமம். மூளையும் மொழியும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதில் ஆர்வம் என்றால் போட்ஸ்டாமைப் பாருங்கள். ஒலியியலும் மொழி ஆவணப்படுத்தலும் என்றால் கோல்ன். தமிழையே படிக்க வேண்டும் என்பவர்களுக்கு 1962-இல் தொடங்கிய ஹைடல்பர்க் தெற்காசிய நிறுவனம் இருக்கிறது. சுவடியியலுக்கு ஹாம்பர்க். ஆனால் இந்தக் கடைசி இரண்டும் மொழியியல் என்பதைவிட இந்தியவியல் பக்கம் சாய்ந்தவை. தெரிந்து விண்ணப்பியுங்கள்.

இரண்டு நாடுகளில் படிக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டமும் உண்டு. மொழித் தொழில்நுட்பத்துக்கான திட்டத்தைச் சார்லாந்துப் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கிறது. ஒரு வருடம் ஒரு நாட்டில், அடுத்த வருடம் இன்னொரு நாட்டில். உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, இரண்டு வருடம். போட்டி கடுமைதான். இருந்தாலும் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள்.

துறையைத் தேர்ந்தெடுக்க நான் எல்லோருக்கும் சொல்கிற வழி ஒன்றுதான். துறையின் ஆசிரியர் பக்கத்தைத் திறந்து, மூன்று பேருடைய கட்டுரைத் தலைப்புகளைப் படியுங்கள். அதில் ஒன்றாவது உங்களை உட்கார்ந்து வாசிக்கத் தூண்டினால் அந்தத் துறை உங்களுக்கு. தலைப்பே புரியவில்லை, புரிந்துகொள்ள ஆசையும் வரவில்லை என்றால் அந்த ஊர் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வாசிக்கப் பணம் வேண்டாம்: பெர்லினிலிருந்து வரும் லாங்வேஜ் சயன்ஸ் பிரஸ் தன் மொழியியல் நூல்கள் அத்தனையையும் இலவசமாகத் தருகிறது. உலக மொழிகளின் அமைப்பைப் படம் போட்டுக் காட்டும் வால்ஸ் அட்லஸும் இணையத்தில் இலவசம். அதில் தமிழைத் தேடி, எந்தக் கூறுகளில் ஜப்பானிய மொழியோடு ஒத்துப்போகிறது என்று ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். அந்த மாலை உங்களுக்கு எப்படிப் போகிறது என்பதே, இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவருமா என்று காட்டிவிடும்.

எஸ்.ஓ.பி. என்ற நோக்கக் கடிதத்தில் ஒரு கேள்வி இருக்கட்டும்

'சிறு வயதிலிருந்தே எனக்கு மொழிகள் மீது தீராத காதல்' என்று தொடங்கும் கடிதங்கள் ஏராளம் வருகின்றன. கன்சல்டன்சி எழுதிக் கொடுப்பவையும் அப்படியே இருக்கும். அதில் தவறில்லை, ஆனால் படிப்பவருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரிவதில்லை. உங்கள் வீட்டுப் பேச்சிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, அதில் உங்களுக்கு எது புதிராக இருக்கிறது என்று எழுதுங்கள்.

ஒரு உதாரணம் காட்டுகிறேன். 'குமாருக்குத் தன் அக்காவைப் பிடித்தது.' இதில் எழுவாய் எது? குமார் நான்காம் வேற்றுமையில் நிற்கிறான். அக்கா இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறாள். வினை 'பிடித்தது' என்று ஒன்றன்பாலில் முடிகிறது. அது குமாரோடும் சேரவில்லை, அக்காவோடும் சேரவில்லை. ஆனால் 'தன்' என்ற சொல் குமாரைத்தான் குறிக்கிறது. எழுவாயைத் தேடிப் போய் ஒட்டுவதுதான் 'தன்' என்பதன் வழக்கம். அப்படியானால் குமார் ஒரு சோதனையில் எழுவாயாகத் தேறுகிறான், இன்னொரு சோதனையில் தோற்கிறான். எழுவாய் என்பதையே எப்படி வரையறுப்பது? இந்தக் கேள்வியைத் தென்னாசிய மொழிகளை வைத்துப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். ஐஸ்லாந்து மொழியிலும் இதற்கு நெருங்கிய சிக்கல் உண்டு. உங்கள் கடிதத்தில் இப்படி ஒரு பத்தி இருந்து, அதைத் தொடர்ந்து 'உங்கள் துறையில் இன்னார் வேற்றுமை பற்றி வேலை செய்கிறார், அதனால் இங்கே படிக்க விரும்புகிறேன்' என்று ஒரு வரி இருந்தால் போதும். மீதியைச் சுருக்கமாக முடித்துவிடலாம்.

அந்த வாக்கியத்தை எழுதும் முறையும் ஒன்று உண்டு. லைப்சிக் குளோசிங் விதிகள் என்று பெயர். லைப்சிக்கில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையும் சேர்ந்து உருவாக்கியவை. இன்று உலகம் முழுக்க இதைத்தான் பின்பற்றுகிறார்கள். முதல் வரியில் வாக்கியத்தை உறுப்புகளாகப் பிரித்து எழுத வேண்டும்: குமார்-உக்கு தன் அக்கா-வை பிடி-த்த்-அது. இரண்டாம் வரியில் ஒவ்வொரு உறுப்புக்கும் நேர் கீழே அதன் பொருள் அல்லது இலக்கணம்: குமார்-நான்காம் வேற்றுமை, தன், அக்கா-இரண்டாம் வேற்றுமை, பிடி-இறந்தகாலம்-ஒன்றன்பால். மூன்றாம் வரியில் ஆங்கில மொழிபெயர்ப்பு. பள்ளிக்கூடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதிப் பழகியவர்களுக்கு இது கையில் இருக்கிற வேலை. விதிகள் சில பக்கங்கள்தான்; பதிவிறக்கம் செய்து, எஸ்.ஓ.பி. எழுதும் முன் பத்து வாக்கியங்களைப் பிரித்துப் பழகுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவியில் இருப்பவரைத் தேட வேண்டாம். உங்களுக்கு இலக்கணமோ மொழியியலோ நடத்தியவர், உங்கள் ஒரு செமினாரையாவது நினைவில் வைத்திருப்பவர் எழுதினால் அதுவே நல்லது.

மதிப்பெண், ஏ.பி.எஸ்., யூனி-அசிஸ்ட்

நம் சதவீதத்தை ஜெர்மன் கிரேடாக மாற்ற பவேரிய சூத்திரம் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். 72 சதவீதம், தேர்ச்சிக்கு 40 என்றால்: 28-ஐ 60-ஆல் வகுத்து மூன்றால் பெருக்க 1.4, ஒன்றைக் கூட்ட 2.4. அங்கே 1 தான் உச்சம், 4 தேர்ச்சியின் விளிம்பு. பல துறைகள் 2.5-க்குள் இருக்க வேண்டும் என்று கேட்கும். தேர்ச்சி மதிப்பெண்ணை 35 என்று போடுவதா 40 என்று போடுவதா என்பதில் விடை மாறும் என்பதால், உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி என்ன என்று மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். உங்கள் மதிப்பெண் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று சரிபார்த்துத் தரும் சான்று அது. கட்டணம் 18,000 ரூபாய். இலங்கையிலிருந்து போகிறவர்களுக்கு இது கிடையாது. சான்றிதழ் கைக்கு வர வாரக் கணக்கில் நேரம் பிடிக்கும். சில பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தின்போதே கேட்பார்கள். ஆகவே கடைசி செமஸ்டர் தொடங்கும்போதே ஏற்பாட்டைத் தொடங்கிவிடுங்கள். எந்தக் கட்டத்தில் எந்தெந்தத் தாள்களோடு அனுப்பலாம் என்பது ஏ.பி.எஸ். தளத்தில் தெளிவாக இருக்கிறது.

யூனி-அசிஸ்ட் என்பது பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் அமைப்பு. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. எல்லாப் பல்கலைக்கழகங்களும் இதில் இல்லை. சில தங்கள் இணையதளத்திலேயே நேராக வாங்கிக்கொள்ளும். நான்கைந்து துறைகளுக்கு விண்ணப்பித்தால் போதும். இருபது இடத்துக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதில் பணம்தான் போகும்.

குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. வகுப்புகள் அக்டோபர் நடுவில். ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கான கடைசித் தேதி ஊருக்கு ஊர் மாறும். மார்ச்சில் முடிவதும் உண்டு, ஜூலை வரை திறந்திருப்பதும் உண்டு. விசாவுக்கு நேரம் வேண்டும் என்பதால் ஜூலையில் முடிவதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

பணம்

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் இதற்கு விதிவிலக்கு, அங்கே கட்டணம் உண்டு. டூபிங்கன், ஷ்டுட்கார்ட், ஹைடல்பர்க் மூன்றும் அங்கேதான் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மற்ற இடங்களில் செமஸ்டர் பங்களிப்பு என்று 100 முதல் 350 யூரோ வரை வாங்குவார்கள். பல ஊர்களில் பேருந்து, டிராம் சீட்டும் அதிலேயே அடங்கும்.

பெரிய தொகை பிளாக்டு அக்கவுண்ட்தான்: வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்டும் வங்கிக் கணக்கு. 2024 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். இந்தத் தொகை அவ்வப்போது ஏறும். விசாவுக்கு நேரம் வாங்கும் முன் தூதரகத்தின் பக்கத்தில் அன்றைய தொகையைப் பாருங்கள். கல்விக் கடன் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கட்டணமில்லாத படிப்புக்கு 'வாழ்க்கைச் செலவுக்கு மட்டும்' கடன் என்றால் சில வங்கிக் கிளைகளில் புரியவைக்கவே நாளாகும். சேர்க்கைக் கடிதத்தோடு தூதரகத்தின் பிளாக்டு அக்கவுண்ட் பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

மாதச் செலவில் வாடகைதான் பெரிது. லைப்சிக், ஹாலே, யேனா போன்ற கிழக்கு ஊர்களில் மாணவர் விடுதி அறை 300 யூரோவை ஒட்டிக் கிடைக்கும். மூனிக்கில் அந்தக் கணக்கே வேறு. மாணவர்களுக்கான மருத்துவக் காப்பீடு மாதம் 140, 150 யூரோ. 30 வயதைத் தாண்டினால் அந்த மாணவர் கட்டணம் கிடைக்காது. வேலை பார்த்துவிட்டுப் படிக்கப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

உதவித்தொகை என்று பார்த்தால், டாய்ச்லாந்துஷ்டிபெண்டியம் மாதம் 300 யூரோ. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஜெர்மன் கட்சிகளோடு தொடர்புடைய அறக்கட்டளைகளும் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தருகின்றன. பெரும்பாலும் ஜெர்மன் மொழி தெரிந்திருக்க வேண்டும். பட்டியலின மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் உண்டு. அதன் 2022 விதிமுறையில் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு சார்ந்த தலைப்புகள் விலக்கப்பட்டன. ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கும் வருடத்து விதிமுறையைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் படிப்பின் விவரத்தை எழுதுங்கள்.

வேலை செய்வதற்கு வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி. பல்கலைக்கழகத்திலேயே செய்யும் மாணவர் உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் சேராது. அதற்கு 'ஹிவி' என்று பெயர். பேச்சுப் பதிவுகளை எழுத்தாக்குவது, தரவுகளுக்குக் குறியீடு இடுவது, சோதனைகளுக்கு ஆள் சேர்ப்பது போன்ற வேலைகள். கிடங்கில் பெட்டி தூக்குவதைவிட இது படிப்புக்கும் உதவும். அறிவிப்புப் பலகைக்குக் காத்திராமல், செமஸ்டர் முடிவில் உங்களுக்குப் பிடித்த வகுப்பின் ஆசிரியரிடம் நேரில் கேளுங்கள்.

போய் இறங்கியதும்

இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் அது நடக்காது. சாவி வாங்கும்போதே அதையும் கேளுங்கள். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். அது மோசடி இல்லை, கட்ட வேண்டியதுதான். பலர் சேர்ந்திருக்கும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும், பங்கிட்டுக்கொள்ளலாம். அரிசி, பருப்பு, மசாலாவுக்கு லைப்சிக்கில் ஐசன்பான் தெருவுக்குப் போங்கள்.

தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டிய இடங்களில் அந்தத் தேதியை மட்டும் விடாதீர்கள். வகுப்புக்கு வருகைப் பதிவு பெரும்பாலும் இருக்காது. யாரும் துரத்த மாட்டார்கள். பதிவு செய்யாதவர் தேர்வு எழுத முடியாது, அவ்வளவுதான்.

ஹவுஸ்ஆர்பைட்: ஆறு மாதம் மனதில் ஓட வேண்டிய கட்டுரை

மொழியியலில் பல பாடங்களுக்குத் தேர்வு கிடையாது. 'ஹவுஸ்ஆர்பைட்' என்ற 15, 20 பக்கக் கட்டுரைதான் மதிப்பெண். செமஸ்டர் விடுமுறையில் எழுதிக் கொடுப்பது. எனக்கு இந்தப் படிப்பில் ரொம்பப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்பது அங்கே உங்களுக்கு உண்மையான பலம். அதற்காக உங்கள் காதுக்குச் சரியாகப் படுவதை மட்டும் தரவாக வைக்காதீர்கள். குறைந்தது நான்கைந்து பேரிடம் கேட்டு, யார் எந்த ஊர், என்ன வயது என்று குறித்துவையுங்கள். பதிவு செய்யும் முன் ஒப்புதல் வாங்குங்கள்.

நான் ஒரு கட்டுரையில் எங்கள் பக்கத்து நிகழ்காலத்தை எடுத்துக்கொண்டேன். மற்ற ஊர்களில் 'சொல்றேன்' என்பதை நெல்லையில் 'சொல்லுதேன்' என்போம். அத்தையிடம் போனில், 'இதை நீங்க எப்படிச் சொல்வீங்க அத்தை?' என்று கேட்டால், படித்தவள் கேட்கிறாள் என்பதற்காக 'சொல்கிறேன்' என்று பாடப்புத்தகத் தமிழில் பதில் வரும். பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தூரம் உள்ள மொழியில் நேர்க்கேள்வி பலன் தராது. அதற்குப் பதிலாக, கூட்டாஞ்சோறு எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு ரெக்கார்டரை ஓடவிட்டேன். முருங்கைக்கீரை உருவும் இடத்துக்கு வரும்போதே 'போடுதேன்', 'கிண்டுதேன்' எல்லாம் தானாக வந்துவிட்டன. நீங்களும் சமையல், கோயில் கொடை, பஸ் தவறவிட்ட கதை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் அந்த ஒலிப்பதிவை ஈலான் என்ற மென்பொருளில் ஏற்றி, நேரத்தோடு வரி வரியாக எழுதுங்கள். ஒலியை அளக்க வேண்டும் என்றால் பிராட். இரண்டும் இலவசம். கட்டுரையை லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதப் பழகிவிட்டால், உறுப்பு பிரித்த வரிகள் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தானே நிற்கும்; வேர்டில் அதற்காக ஸ்பேஸ் தட்டித் தட்டி மாளாது.

கட்டுரையின் அளவு சிறியதாக இருக்கட்டும். 'நெல்லைத் தமிழின் இலக்கணம்' என்று எடுக்காதீர்கள். 'எந்த வினைகளோடு இந்த இடைநிலை வருகிறது, எதோடு வருவதில்லை' என்ற அளவே 20 பக்கத்துக்கு நிறைய. எழுதத் தொடங்கும் முன் ஆசிரியரின் அலுவல் நேரத்தில் போய், கேள்வி ஒரு வரி, தரவு அரைப் பக்கம் காட்டிப் பேசிவிடுங்கள். அந்த அரை மணி நேரப் பேச்சில் பாதிக் கட்டுரை தெளிவாகிவிடும்.

நம் வட்டார வழக்குகளில் இப்படி எழுதப்படாமல் கிடப்பது எவ்வளவோ. கணினிக்காக உலக மொழிகளின் வாக்கியங்களைத் தொடரியல் குறிப்போடு சேர்க்கும் யுனிவர்சல் டிபென்டன்சீஸ் திட்டத்தில், தமிழுக்கான முதல் தொகுப்பில் இருப்பவை 600 வாக்கியங்கள். கன்னியாகுமரியிலிருந்தும், கொங்குப் பக்கத்திலிருந்தும், யாழ்ப்பாணத்திலிருந்தும், மலையகத்திலிருந்தும் ஆட்கள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும்.

லைப்சிக்கில் இருந்தால் ஒருநாள் ஹாலேக்கும் போய் வாருங்கள். ரயிலில் அரை மணி நேரம். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்க் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் அச்சானது ஹாலேயில்தான். அங்குள்ள ஃபிராங்கே அறக்கட்டளையில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. பேச்சுத் தமிழ் பற்றி எழுத நினைப்பவருக்கு முந்நூறு வருடத்துக்கு முன் ஒரு வெளியூர்க்காரர் காதில் விழுந்த தமிழ் எப்படி இருந்தது என்பது நல்ல தரவு.

படித்து முடித்த பிறகு

முனைவர் பட்டம் அங்கே பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை. மொழியியலில் பாதி அல்லது 65 சதவீத வேலையாக அறிவிப்பார்கள்; அந்தச் சம்பளத்தில் ஒருவர் வாழலாம். எம்.ஏ. ஆய்வேட்டின் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை மனதில் வையுங்கள்.

வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு, படிப்பு முடிந்த பின் வேலை தேட 18 மாதத் தங்கும் அனுமதி கிடைக்கும். மாணவர் அனுமதி தீர்வதற்கு முன்பே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். பேச்சுத் தொழில்நுட்ப நிறுவனங்கள், மொழித்தரவு வேலைகள், பதிப்பகங்கள் என்று வழிகள் இருக்கின்றன. ஆனால் கோட்பாட்டு மொழியியல் மட்டும் படித்து, ஜெர்மன் பேசாமல் வேலை தேடுவது கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. வகுப்புகள் ஆங்கிலத்தில் நடப்பதால் ஜெர்மன் கற்பது அடுத்த செமஸ்டர், அதற்கடுத்த செமஸ்டர் என்று தள்ளிப்போய்விடும். ஊரிலேயே ஜெர்மன் மொழியில் ஏ2 என்ற அடிப்படை நிலை வரை முடித்துவிட்டுப் போங்கள். சென்னையில் கோத்தே இன்ஸ்டிடியூட் இருக்கிறது. போன பிறகு பல்கலைக்கழகத்தின் மொழி மையத்தில் மாணவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ வகுப்பு உண்டு. இடங்கள் சீக்கிரம் நிறைந்துவிடும். பதிவு திறக்கும் நாளைச் சேர்க்கை உறுதியான உடனே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.